கார்ப்ரேட்டருக்கு ஒரு தாடை, இன்ஜெக்ஷனுக்கு இரண்டு விரல்

பெரம்பலூர்,
9-3-2025

மச்சான் பூவரசனுக்கு அரங்கநாதன் எழுதுவது.

உன்னை அடித்த வேகத்தில் என் லுங்கி அவிழ்ந்து விழுந்தது உனக்குத் தெரிந்திருக்காது. அதற்குள் நீ தரையில் கிடந்தாய். ஆனால் எதிர்க்கடை மருதாயி பார்த்தாள். அவள் கடையில் டீ குடித்துக்கொண்டு நின்ற ஏழெட்டுப் பேர் பார்த்தார்கள். ஐம்பத்து மூன்று வயதில், பட்டறை நடுவில், கோடு போட்ட டிராயரோடு, கையில் ரத்தம் சொட்டும் கார்ப்ரேட்டரோடு நின்றேன். "அண்ணே, மொதல்ல லுங்கியக் கட்டுங்க. கொலைய அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் மருதாயி. கார்ப்ரேட்டரைக் கீழே வைத்தால்தான் லுங்கி கட்ட முடியும். வைத்தேன். இல்லாவிட்டால் இன்னொன்றும் போட்டிருப்பேன், மறைக்க மாட்டேன். உன் உயிரைக் காப்பாற்றியது அந்த லுங்கிதான்.

உனக்குப் போன் பண்ணக் கூடாது, நேரில் போகக் கூடாது, ஆள் அனுப்பக் கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். கடிதத்தைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. உனக்கும் தாடையில் கம்பி கட்டியிருப்பதால் பேச முடியாதாம். அதனால் இதை உன் அக்காவிடமே கொடுத்து அனுப்புகிறேன். கூடையில் கேழ்வரகுக் கஞ்சி பிளாஸ்க்குக்கு அடியில் இருக்கும். உனக்குக் கஞ்சி காய்ச்சும் வளர்மதி எனக்குச் சோறு போட மாட்டேன் என்கிறாள். மருதாயி கடை வடைதான் எனக்கு மூன்று வேளையும்.

ஸ்டேஷனில் நீ எழுதிக் கொடுத்ததை வக்கீல் படித்துக் காட்டினார். 'முன்விரோதம் காரணமாக' என்று போட்டிருக்கிறாய். நமக்கு என்ன முன்விரோதம்? என் பையன் தமிழழகன் பந்தயத்துக்கு என்று வாங்கிய தொண்ணூற்றாறு மாடல் எஸ்டீம் காருக்குக் கார்ப்ரேட்டர் வைப்பதா, இன்ஜெக்ஷன் வைப்பதா என்பதுதானே? அதில் நான் சொன்னது இன்றைக்கும் சரி. பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்க ரெட்டை கார்ப்ரேட்டர், செகண்ட் ஹேண்டில், ஐம்பத்தைந்தாயிரம். அதைப் பூட்டக் குழாய் செய்ய பதினாலாயிரம். பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட்டு செட்டு ஆறாயிரம். சாதா பம்பு மூவாயிரத்து ஐந்நூறு. ஆக எழுபத்தெட்டாயிரத்து ஐந்நூறு. டியூனிங் பண்ண என் காது போதும், அது கூலி கேட்காது. பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து பீச்சுகிற உன் இன்ஜெக்ஷனுக்கு அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி மட்டுமே எழுபத்தைந்தாயிரம். பழைய இன்ஜெக்டர் செட்டு பதினெட்டு, பம்பு ஏழரை, ரெகுலேட்டர் ஆறரை, சென்சார் ஒயரிங் பதினாலு, கோயம்புத்தூர் போய் டியூனிங் முப்பது. ஒரு லட்சத்து ஐம்பத்தோராயிரம். நான் பத்தாவது இரண்டு தடவை எழுதியும் தேறாதவன்தான். ஆனால் இந்தக் கணக்குத் தெரியும்.

பிப்ரவரி இரண்டாம் தேதி நடந்ததற்கு இந்தக் கணக்கைக் காரணம் காட்டாதே. டேங்குக்குள் உன் இன்ஜெக்ஷன் பம்பைப் பொருத்தி வைத்துவிட்டுப் போனவன் நீ. கார் தீப்பிடித்தது, பையன் பானெட்டைத் திறந்தான், வலது கை தோள்பட்டை வரை வெந்தது. பம்பு யாருடையது? அதைத்தான் எல்லோரிடமும் சொன்னேன். அதற்கு நீ டிஸ்சார்ஜ் அன்றைக்கு, அவன் வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம்கூட ஆகாதபோது, பட்டறைக்கு வந்து என் சட்டையைப் பிடிக்கலாமா?

பையன் நம் இருவரிடமும் பேசுவதில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். அன்று சத்தம் கேட்டு வீட்டிலிருந்து வந்து அவன் சொன்னதை நீயும் கேட்டிருப்பாய். நினைவு இருந்ததோ என்னவோ, எழுதுகிறேன். "எவனால எரிஞ்சேன்னு தெரியற வரைக்கும் ரெண்டு பேரும் எங்கிட்ட பேசாதீங்க. தெரிஞ்சதுக்கப்புறம் அந்த ஆளு மூஞ்சியில சாகற வரைக்கும் முழிக்க மாட்டேன்."

எனக்கு ஒரே பையன். கேஸை வாபஸ் வாங்கு.

அரங்கநாதன்


அரியலூர்,
13-3-2025

மாமா என்று எழுதக் கை கூசுகிறது. அக்காவுக்காக எழுதுகிறேன்.

லுங்கிக் கதையை அக்காவிடமும் சொன்னீர்களாம், அவள் சிரித்துவிட்டாளாம். அதற்காகவே கேஸை வாபஸ் வாங்கக் கூடாது என்று முடிவு செய்தேன். நீங்கள் எதையும் சிரிப்பாக்கி ஆளைக் கவிழ்த்துவிடுவீர்கள். இருபது வருடமாகப் பார்க்கிறேன்.

சிரிக்க முடியாத விஷயத்தைச் சொல்கிறேன். தாடை உடையும்போது சத்தம் வெளியில் கேட்காது. காதுக்குள் கேட்கும். பச்சை முருங்கைக் கொம்பை ஒடிக்கிற சத்தம். ஒரு பல்லை விழுங்கிவிட்டேன். இரண்டு பிளேட்டு, ஒன்பது ஸ்க்ரூ. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். பக்கத்திலேயே கட்டர் வைத்துக்கொண்டு தூங்கச் சொல்கிறார்கள், வாந்தி வந்தால் கம்பியை அறுக்க. இல்லாவிட்டால் மூச்சு முட்டிச் செத்துவிடுவேன். அந்தக் கட்டரைப் பார்க்கும்போதெல்லாம் உங்கள் கழுத்துதான் ஞாபகம் வருகிறது.

உங்கள் சட்டையை நான் ஏன் பிடித்தேன் என்பதை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். பையன் கையில் தொடைத்தோலை ஒட்டி வீட்டுக்கு அழைத்து வந்த அன்றைக்கு, நீங்கள் பட்டறையில் உட்கார்ந்து மண்ணெண்ணெயில் துணியை நனைத்துக் கார்ப்ரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். "ரெண்டுல ஒண்ணு உருகிடுச்சு, இன்னொண்ணு தப்பிச்சுது மாப்ள" என்று சந்தோஷமாகச் சொன்னீர்கள். அதனால்தான் பிடித்தேன். "உங்க கஞ்சத்தனம்தான் புள்ளயக் கொளுத்துச்சு" என்றேன். இப்போதும் சொல்கிறேன்.

கார்ப்ரேட்டருக்கு மூன்று பவுண்டு, மிஞ்சினால் நாலு பவுண்டு அழுத்தத்தில் பெட்ரோல் வந்தால் போதும். உள்ளே ஒரு மிதவை, அது தூக்கி அடைக்கிற ஒரு சின்ன ஊசி. அவ்வளவுதான் அதன் காவல். இன்ஜெக்ஷன் பம்பு தள்ளுவது நாற்பது பவுண்டு. கார் டயருக்கு அடிக்கிற காற்றைவிட அதிகம். அந்த ஊசி என்ன செய்யும்? பெட்ரோல் பொங்கி வெளியே ஊற்றும், கீழே சூடான சைலன்சர் குழாய். மீதியைச் சொல்ல வேண்டுமா? நான் அந்தப் பம்பை இன்ஜெக்ஷனுக்காக வைத்தேன். உங்கள் கார்ப்ரேட்டருக்கு என்று சாதா பம்பு ஒன்று வாங்கியிருக்க வேண்டும். கணக்கில் எழுதியிருக்கிறீர்களே, மூவாயிரத்து ஐந்நூறு, அதை நீங்கள் வாங்கவே இல்லை. டேங்கில்தான் ஒன்று இருக்கிறதே, இன்னொன்று எதற்கு என்று விட்டுவிட்டீர்கள்.

உங்கள் மலிவுக் கணக்கும் பொய். ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஜெட்டு மாற்றுவது, கருகிய பிளக்கு, வீணாகும் பெட்ரோல், ஒரு நாள் வேலை, எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம். எட்டுப் பந்தயத்துக்கு எழுபத்திரண்டாயிரம். வித்தியாசம் ஐந்நூறு ரூபாய் தவிர அங்கேயே தீர்ந்தது. அதற்குப் பிறகு இன்ஜெக்ஷன் காசு மிச்சம்.

அவனுக்குக் காது குத்தியது என் மடியில். அவனைக் கொளுத்தியவன் என்று ஊர் முழுக்க என்னைச் சொல்லியிருக்கிறீர்கள். கம்பி அவிழ்க்கும் வரை பொறுக்க மாட்டேன். வருகிறேன்.

பூவரசன்


பெரம்பலூர்,
28-3-2025

மச்சானுக்கு,

வந்தாய், பார்த்தாய், போனாய். வாயைத் திறக்க முடியாதவன் இவ்வளவு பேசுவான் என்று நான் நினைக்கவில்லை.

விரல் இரண்டு. இடது கையில் நடு விரலும் மோதிர விரலும். நீ ஜாக்கி ராடை ஓங்கியது தப்பித்த அந்தக் கார்ப்ரேட்டர் மேல்தான் என்று எனக்குத் தெரியும். நான்தான் குறுக்கே கையை வைத்தேன். ஐம்பத்தைந்தாயிரம் ரூபாய்ச் சாமானைக் கையால் மறைக்கிறவன் எவ்வளவு பெரிய அறிவாளி பார். முதல் அடியில் விரல், இரண்டாவது அடியில் கார்ப்ரேட்டர். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. நான் அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தேன், உட்கார்ந்த இடத்தில் ஒரு ஸ்பேனர் இருந்தது, அதை எடுத்து உன் முழங்காலில் போட்டேன். அப்போதும் லுங்கி அவிழ்ந்தது. மருதாயி இந்தத் தடவை கடையைச் சாத்திவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் காரின் கதவில் விரல் நசுங்கியது என்று சொன்னேன். டாக்டர் என்னையும் பார்த்தார், என் சட்டையையும் பார்த்தார். "எத்தன தடவ கதவ சாத்துனீங்க?" என்று கேட்டார். உன் மேல் புகார் கொடுக்கவில்லை. உனக்குத் தாடை, எனக்கு விரல். சரியாகப் போயிற்று என்று வைத்துக்கொள்.

வேலை இல்லாததால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பையன் ஆஸ்பத்திரிச் செலவு இரண்டு லட்சத்து முப்பத்தைந்தாயிரம். உன் தாடை அறுபத்து நாலு என்று உன் அக்கா சொன்னாள். என் விரல் இருபத்தொன்று. வக்கீல் பதினைந்து. மொத்தம் மூன்று லட்சத்து முப்பத்தைந்தாயிரம். இதற்கு இரண்டு காருக்கு இன்ஜெக்ஷன் போட்டு மூன்றாவது காருக்கு அட்வான்ஸும் கொடுத்திருக்கலாம். கார்ப்ரேட்டர் மலிவு என்று இனிமேல் யாரிடமும் சொல்ல எனக்கு வாய் இல்லை. அதில் நீ ஜெயித்தாய். எழுதிக் கொடுக்கிறேன், வைத்துக்கொள்.

ஆனால் ஒன்று. நாற்பது பவுண்டு என்று நீ என்னிடம் சொல்லவில்லை. நான் லாரி, டிராக்டர் பார்க்கிறவன். பெட்ரோல் வண்டி என்றால் அம்பாசடர் காலத்து ஞானம்தான். பம்பு என்றால் பெட்ரோலைத் தள்ளும், அவ்வளவு. 'மாமா, இதை உங்க கார்ப்ரேட்டர்ல சொருகாதீங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பையன் கை முழுசாக இருந்திருக்கும். நீ சொன்னாயா? நெஞ்சில் கை வைத்து எழுது.

நேற்றுக் கட்டு மாற்றும்போது அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். அழவில்லை. வளர்மதி நம் இரண்டு பேரையும் நிற்க வைத்துத் திட்டுவது போலத் தனியாகத் திட்டிக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேரையும் அந்தக் காருக்குள்ள வச்சு எரிச்சிருக்கணும். ரெட்ட கார்ப்ரேட்டரு மாரி ரெட்ட எமனுங்க." பையன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தாற்போல் இருந்தது. நான் உள்ளே போனேன். திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அரங்கநாதன்


அரியலூர்,
3-4-2025

மாமாவுக்கு,

கம்பி அவிழ்த்துவிட்டார்கள். வாய் இரண்டு விரல் அகலம்தான் திறக்கிறது. முழங்கால் வீங்கியிருக்கிறது. லாரி ஒயரிங் வேலைக்குத் திங்கட்கிழமை முதல் வரச் சொல்லியிருந்தார்கள், போக முடியாது.

நெஞ்சில் கை வைத்து எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். நான் சொல்லவில்லை. முப்பது வருட மெக்கானிக்குக்குப் போய் இதைச் சொல்வதா என்று நினைத்தேன். சொன்னால் 'எனக்கே பாடமா' என்று சிரிப்பீர்கள் என்றும் நினைத்தேன். தீப்பிடித்த அன்றைக்குப் பத்து மணிக்கு நான் ஷிப்ட் முடிந்து வந்துவிடுவேன், அதுவரை வண்டியைத் தொட மாட்டீர்கள் என்றும் நினைத்தேன். கீழப்பழுவூர் தாண்டி, வண்டியை ஓட்டிப் பார்க்கிற அந்தப் பாழடைந்த சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் மண் ரோட்டுக்கு நான் வந்து சேர்ந்தபோது ஒன்பதே முக்கால். நீங்கள் வண்டி மேல் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். அவன் கையை மேலே தூக்கியபடி நின்றான். விரல் நுனியிலிருந்து தோல் கையுறை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. "மாமா, வலிக்கல மாமா" என்றான். அது எனக்குத் தினமும் கேட்கிறது.

எனக்கு வேண்டியது உங்கள் விரலோ உங்கள் தலையோ இல்லை. அவனுக்கு உண்மை தெரிய வேண்டும். உங்களுக்குத் தெரியாது என்று நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை. ஒரு டயருக்குக் காற்றடிக்கிறவனுக்குக்கூட அழுத்தம் தெரியும். தெரிந்தும் மூவாயிரத்து ஐந்நூறுக்காகச் சொருகினீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

சிறுவாச்சூர் அம்மன் கோயிலுக்கு வாருங்கள். திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பு. ஏழாம் தேதி திங்கள். அக்கா அவனை அழைத்து வரட்டும். அவன் முன்னால் சூடத்தைக் கையில் ஏற்றிச் சத்தியம் பண்ணுங்கள். அணைத்துச் சொல்லிவிட்டால் நான் ஒத்துக்கொள்கிறேன், கேஸையும் விடுகிறேன். பொய்ச் சத்தியம் என்று உங்கள் கண் சொன்னால் கோயில் என்று பார்க்க மாட்டேன். அங்கேயே தலையைப் பிளப்பேன். சூடம் அணைவதற்குள்.

பூவரசன்


பெரம்பலூர்,
5-4-2025

மச்சானுக்கு,

வருகிறேன். வக்கீலிடம் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் தனியாக ஃபீஸ் கேட்பார்.

சத்தியம் என்றால் கேள்வி ஒன்றுதான் இருக்க வேண்டும். பத்துக் கேள்வி கேட்டுக் குழப்பக் கூடாது. எங்கள் பங்காளிச் சண்டையில் அப்படித்தான் வழக்கம். கேள்வி இதுதான். 'பம்பில் அவ்வளவு அழுத்தம் இருப்பது தெரிந்தேதான் கார்ப்ரேட்டரில் மாட்டினாயா?' தெரியாது என்றால் சூடத்தை அணைக்கிறேன். இதை நீயும் ஒப்புக்கொண்டு கடிதத்தின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டு உன் அக்காவிடம் கொடுத்தனுப்பு.

தலையைப் பிளப்பதற்கு ஜாக்கி ராடு கொண்டு வராதே. பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். அங்கே தேங்காய் உடைக்கிற கல் இருக்கிறது, அது போதும் என் தலைக்கு.

பையனிடம் வளர்மதி சொன்னாள். எழுந்து உட்கார்ந்தானாம். "அப்பா வருவாராமா?" என்று கேட்டானாம். ஐந்து வாரத்தில் அவன் என்னைப் பற்றிக் கேட்டது இதுதான்.

அரங்கநாதன்


அரியலூர்,
9-4-2025

மாமாவுக்கு,

ஒப்புக்கொண்டபடி கேஸை வாபஸ் வாங்கிவிட்டேன். நேற்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். ரைட்டர் கேட்டார், "மச்சானும் மாமனும் சேந்துட்டீங்களா?" என்று. கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்தேன்.

கோயிலில் உங்கள் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கையில் சூடம் எரிய, "நாப்பது பவுண்டுன்னு எனக்குத் தெரியாது, தாயே. அவன் எங்கிட்ட சொல்லல" என்றீர்கள். கண் நகரவில்லை. பொய் இல்லை என்று அங்கேயே தெரிந்துவிட்டது. மடித்து வைத்திருந்த கை எனக்கு விரிந்துவிட்டது. பையன் என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லலயா மாமா?" என்றான். "சொல்லல" என்றேன்.

அடித்தான். இடது கையால் அடித்திருந்தால் பரவாயில்லை. வெந்த கையால் அடித்தான், உடைந்த தாடை மேல். இரண்டாவது அடியில் ஒட்டிய தோல் வெடித்துவிட்டது. மூன்றாவது அடியில் அவன் ரத்தம் என் வாய்க்குள் வந்தது. கோயில் வாசலில் அவ்வளவு கூட்டம், யாரும் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. அக்காதான் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். தாடையில் ஒரு ஸ்க்ரூ நகர்ந்துவிட்டது, மறுபடியும் திறக்க வேண்டுமாம். அது நியாயம்தான்.

எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அப்படியானால் கொளுத்தியவன் நான்தான். இரண்டு மாதமாக உங்களைக் கொல்ல வேண்டும் என்று கிடந்தேன். இனி அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நேற்று ஒயரிங் டூல்ஸை எல்லாம் எடுத்துக் கிணற்றில் போட்டேன். சுவரில் தலையை முட்டினேன். அம்மா பிடித்துக்கொண்டாள்.

ஒடிசாவில் ஒரு சுரங்கத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். பத்தொன்பதாம் தேதி கிளம்புகிறேன். தாடையை அங்கேயே பார்த்துக்கொள்வேன். அவன் கல்யாணத்துக்கு மாமன் சீர் அக்கா கையில் வந்து சேரும். நான் வர மாட்டேன். என் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று அவன் சொன்னது சொன்னதுதான்.

இன்ஜெக்ஷன் போடுங்கள். எட்டுப் பந்தயக் கணக்கு சரியானது. அதில் மட்டும் நான் தப்புச் செய்யவில்லை.

பூவரசன்


பெரம்பலூர்,
12-4-2025

மச்சான்,

இதை உன் அக்காவிடம் கொடுக்கவில்லை. ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். அவள் பிரித்துப் படித்துவிடுவாள் என்று பயம். கவர் வாங்கப் போன தபாலாபீஸிலேயே உன் விலாசத் துண்டை ஒட்டப் பசை தடவும்போது கட்டுப் போட்ட விரலும் சேர்ந்து கவரில் ஒட்டிக்கொண்டது. கவுண்டரில் இருந்த அம்மா, "அதையும் சேத்து எடை போடணுங்களா?" என்றார். இதுதான் இந்தக் கடிதத்தில் நான் எழுதப் போகிற கடைசிச் சிரிப்பு.

அன்று கோயிலிலிருந்து பஸ்ஸில் வந்தோம். பையன் கையில் வளர்மதியின் முந்தானையைச் சுற்றியிருந்தோம். ரத்தம் ஊறிக்கொண்டே வந்தது. என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். பெரம்பலூர் வரும்போது, "அப்பா, பசிக்குது" என்றான். தீப்பிடித்து அறுபத்து நாலு நாள் கழித்து. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து, ஓட்டலில் பரோட்டாவைப் பிய்த்து நான் ஊட்டினேன். என் கையில் சூடு பட்ட இடத்தைப் பார்த்து, "எரியுதாப்பா?" என்றான். அவன் என்னைக் கேட்கிறான். நானும் இல்லைடா என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன். நன்றாகச் சாப்பிட்டேன் மச்சான். இரண்டு பரோட்டா, ஒரு ஆம்லெட்.

அப்போதிலிருந்து வீட்டில் எல்லாம் பழையபடி. வளர்மதி சோறு போடுகிறாள். பையன் ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்குக் காத்திருக்கிறான். இன்ஜெக்ஷன் போடலாம்பா என்று பேச்சை எடுக்கிறான். எது எது எவ்வளவு என்று கேட்கிறான். நான் சொல்லச் சொல்ல இடது கையால் எழுதிக்கொள்கிறான். நீ சொன்ன விலைதான் எல்லாம், உன் பேரைச் சொல்லாமல் சொல்கிறேன். நேற்று வளர்மதி உன் போட்டோவை அலமாரியிலிருந்து எடுத்துத் துணிக்கு அடியில் வைத்தாள். யாரும் வைக்கச் சொல்லவில்லை. அவளாக வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீ ஒடிசா போவதை அவளிடம் நான் சொல்லவில்லை.

நான் செய்த சத்தியம் பொய் இல்லை. நாற்பது பவுண்டு எனக்குத் தெரியாது. அதனால்தான் அந்தக் கேள்வியை நானே எழுதி அனுப்பி உன்னிடம் கையெழுத்து வாங்கினேன். வேறு கேள்வி நீ கேட்டிருந்தால் சூடம் என் கையை எலும்பு வரை எரித்திருந்தாலும் என்னால் அணைத்திருக்க முடியாது. நீ நல்லவன், கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு என் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

கிணற்றில் இறங்கி டூல்ஸை எடு. ஒடிசா போகாதே. இந்தக் கடிதத்தை அவனிடம் காட்டு. எனக்குக் காட்டத் தைரியம் இல்லை. கையெழுத்து என்னுடையது என்று அவனுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவன் என் முகத்தில் முழிக்க வேண்டாம். என்னை அடிப்பதானால் இடது கையால் அடிக்கச் சொல். அந்தத் தோல் இன்னொரு தடவை வெடித்தால் சேராது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரி இரண்டாம் தேதி காலை ஒன்பதேகால். நீ பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாய். வந்தால் இன்ஜெக்ஷன் பேச்சை எடுப்பாய், பையன் உன் பக்கம் சாய்வான். அதற்குள் ஒரு ஓட்டம் ஓட்டிக் காட்டிவிட வேண்டும் என்பது என் அவசரம். சாவியை ஒரு திருப்புத் திருப்பிப் பம்பை மட்டும் ஓட விட்டேன். குனிந்து பார்த்தேன். வாடை வந்தது. பெட்ரோல் வாடை லேசாக வந்தாலே சொல்லிவிடுகிறவன் நான், இது மூக்கில் அறைந்தது. குழாய்க்குக் கீழே ஈரம் பளபளத்தது. கையில் தொட்டு முகர்ந்து பார்த்தேன். பிறகு அந்த விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டேன்.

பானெட்டைச் சாத்தினேன். பையன் ஹெல்மெட் போட்டு உள்ளே உட்கார்ந்திருந்தான். அவனுக்கு வாடை வந்திருக்காது. கட்டை விரலைத் தூக்கிக் காட்டி, "அடிக்கவாப்பா?" என்றான்.

'இருடா தமிழு' என்பது நாக்கு நுனி வரை வந்தது. அதை நான் சொல்லவில்லை.